அப்பாக்கள் கட்டிய பந்தயம்

2025 மே 5. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் க்ரூசிபிள் அரங்கம். ஆயிரம் பேர்கூட உட்கார முடியாத சின்ன அரங்கம்தான். ஆனால் 1977 முதல் ஸ்னூக்கரின் உலக சாம்பியன் யார் என்று தீர்மானிக்கும் இடம் அது. அன்றிரவு, மூன்று முறை சாம்பியனான 50 வயது மார்க் வில்லியம்ஸை 18-12 என்ற கணக்கில் வீழ்த்திவிட்டு, இடக்கை ஆட்டக்காரர் ஒருவர் சீனக் கொடியைப் போர்த்திக்கொண்டு நின்றார். பெயர் ஜாவ் ஷின்டோங். வயது 28. சொந்த ஊர் சியான். ஆசியாவில் பிறந்த ஒருவர் அந்தக் கோப்பையை வென்றது அதுவே முதல் முறை.

சீனர் ஒருவர் எந்த விளையாட்டில் ஜெயித்தாலும் நம் மனதில் உடனே ஒரு படம் ஓடும். ஐந்து வயதிலேயே பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கும் அரசு, விடுதியோடு கூடிய விளையாட்டுப் பள்ளி, விடியற்காலை விசில், கண்டிப்பான பயிற்சியாளர். டேபிள் டென்னிஸுக்கும் டைவிங்குக்கும் அந்தப் படம் பொருந்தும். ஸ்னூக்கருக்குப் பொருந்தாது. ஒலிம்பிக்கில் ஸ்னூக்கர் கிடையாது. ஆசிய விளையாட்டுப் போட்டியில் 1998 முதல் 2010 வரை இருந்தது. 2010இல் குவாங்சோவில் நடந்த போட்டியோடு அதையும் தூக்கிவிட்டார்கள். பதக்கம் இல்லாத இடத்தில் அரசுப் பணம் எவ்வளவு பாயும்? சீன ஸ்னூக்கரை வளர்த்தவர்கள் பெரும்பாலும் அப்பாக்கள். தெருமுனை பூல் கடையில் தன் பிள்ளையின் கையில் ஏதோ இருக்கிறது என்று கண்டுபிடித்து, இருந்ததையெல்லாம் அதன்மேல் வைத்தவர்கள். அந்த ஆட்டத்தின் வெற்றியும், அதைச் சாய்த்துப்போட்ட பெரிய அவமானமும் இந்த ஒரு விஷயத்திலிருந்தே புரிகின்றன என்பது என் எண்ணம்.

ஸ்னூக்கருக்கும் நமக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 1875இல் ஜபல்பூரில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லின்தான் இந்த ஆட்டத்துக்கு வடிவம் கொடுத்தவர் என்பது வரலாறு. (பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான நெவில் சேம்பர்லின் வேறு ஆள்.) விதிகளை எழுதி மாட்டியது ஊட்டி கிளப்பில். அங்கே அது கோட்டு போட்ட துரைகளின் ஆட்டமாகவே கிடந்தது. சீனாவில் நேர் எதிர்: தெருவுக்கு வந்த பிறகுதான் அது சீன ஆட்டமானது.

தெருமுனையில் ஒரு மேசை

மாவோ காலம் முடிந்து சந்தைக்குக் கதவு திறந்த 1980களில், ஸ்டீவ் டேவிஸ் போன்ற பிரிட்டிஷ் நட்சத்திரங்கள் காட்சி ஆட்டம் ஆட சீனாவுக்குப் போனார்கள். பெரிய ஓட்டல்களில் ஸ்னூக்கர் மேசைகள் வந்து இறங்கின. ஆனால் ஊர்களைப் பிடித்தது அந்த மேசை அல்ல. மளிகைக்கடை வாசலிலும், சந்தை ஓரத்திலும், கிராமத்து நாற்சந்தியிலும் போடப்பட்ட மலிவான பூல் மேசைகள். மேலே கூரை கிடையாது. மழை வந்தால் பிளாஸ்டிக் தாளை இழுத்துப் போர்த்துவார்கள். துணி கிழிந்திருக்கும், தரை சாய்ந்திருக்கும், கியூ என்னும் அடிகோலின் முனை தேய்ந்து போயிருக்கும். ஆட்டத்துக்கு இத்தனை காசு என்று கணக்கு. தோற்றவர் மேசை வாடகையைக் கொடுக்க வேண்டும். இந்த ஒரு வழக்கம் ஒரு தலைமுறைக்கே ஆட்டம் கற்றுக்கொடுத்தது. பையில் காசில்லாதவன் தோற்க முடியாது.

ஜியாங்சு மாகாணத்து யீஷிங் ஊரில் இப்படி ஒரு மேசையருகே நடந்ததாகச் சொல்லப்படும் கதை சீனாவில் எல்லோருக்கும் தெரியும். உள்ளூர்க் கெட்டிக்காரர் ஒருவரோடு ஆடிக்கொண்டிருந்த ஒருவர் பாதி ஆட்டத்தில் கழிவறைக்குப் போகிறார். திரும்பி வந்தால், எட்டு வயதைத் தாண்டாத மகன் கியூவை வாங்கி மிச்சப் பந்துகளைப் போட்டு முடித்திருக்கிறான். அந்தப் பையன் டிங் ஜுன்ஹுய். அதன்பின் அப்பா எடுத்த முடிவுகள் எந்தக் குடும்பத்தையும் கலங்கடிக்கும். பள்ளிப் படிப்பு பின்னுக்குப் போனது. நல்ல மேசைகளும் நல்ல ஆட்டக்காரர்களும் இருந்த தெற்குத் தொழில் நகரமான டோங்குவானுக்கு மகனோடு குடிபெயர்ந்தார். பயிற்சிச் செலவுக்காக வீட்டை விற்றார்.

ஒரு நாளில் எட்டு மணி நேரம். அத்தனை நேரம் ஒரு சிறுவன் மேசையருகே என்ன செய்வான்? ஸ்னூக்கர் மேசை 12 அடி நீளம், 6 அடி அகலம். வெள்ளைப் பந்தைப் பழுப்புப் பந்தின் புள்ளியில் வைத்து, நீலம், இளஞ்சிவப்பு, கருப்புப் புள்ளிகளின் மேலாக நேரே அடிக்க வேண்டும். எதிர் விளிம்பில் பட்டு அதே கோட்டில் திரும்பி வந்து கியூவின் முனையைத் தொட வேண்டும். நடுவில் வேறு பந்தே கிடையாது. அடி ஒரு மயிரிழை வலப்பக்கம் பட்டாலும் பந்து சுழன்று, திரும்பும்போது ஒரு சாண் தள்ளிப் போய்விடும். ஏமாற்ற முடியாத பயிற்சி அது. தப்பு எங்கே என்று பந்தே காட்டிக்கொடுத்துவிடும். தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒரே கோட்டில் நிற்கும்வரை இதையே நூறு முறை, இருநூறு முறை. அதற்குப் பிறகுதான் சிவப்புப் பந்துகளை வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகப் போடும் பயிற்சி. சீன ஆட்டக்காரர்களின் கை அசைவில் இன்று நாம் பார்த்து வியக்கும் சுத்தம் இந்தச் சலிப்பிலிருந்து வந்தது.

2002இல் பூசான் ஆசிய விளையாட்டில் 15 வயது டிங் தங்கம் வென்றார். 2005 ஏப்ரல் 3 அன்று, 18 வயது நிறைந்த இரண்டாம் நாள், பெய்ஜிங்கில் சீன ஓப்பன் இறுதியாட்டம். டிங் ‘வைல்டு கார்டு’ மூலம் உள்ளே வந்தவர். எதிரே ஏழு முறை உலக சாம்பியன் ஸ்டீஃபன் ஹென்ட்ரி. 9-5 என்று டிங் ஜெயித்ததை நாடு முழுக்க 11 கோடி பேர் தொலைக்காட்சியில் பார்த்ததாக அப்போது செய்தி வந்தது. அதே நாள் சியானில் ஒரு பையனுக்கு எட்டு வயது நிறைந்தது. அவன்தான் ஜாவ் ஷின்டோங்.

டிங் ஒரு நாட்டுக்கே ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தார். அதற்கு அவர் கொடுத்த விலையை நாம் அதிகம் பேசுவதில்லை. 2007 ஜனவரியில் லண்டன் வெம்பிளியில் மாஸ்டர்ஸ் போட்டி. தன் முதல் ஆட்டத்தில் 147 அடித்தார். ஒரே மூச்சில் மேசையைத் துடைத்துவிடும் முழுப் புள்ளி அது. இறுதியில் எதிரே ரோனி ஓ’சல்லிவன். கூட்டத்தில் சிலர் டிங்கைக் கூச்சலிட்டுச் சீண்டிக்கொண்டே இருந்தார்கள். 9-3 என்று பின்தங்கியபோது, ஆட்டம் முடிந்துவிட்டதென்று நினைத்து அந்த 19 வயதுப் பையன் கை கொடுக்கப் போனான். வெற்றிக்கு இன்னும் ஒரு ஃப்ரேம், அதாவது ஒரு தனி ஆட்டம், பாக்கி இருந்தது. ஓ’சல்லிவன் அவன் தோளில் கை போட்டு ஏதோ சொல்லித் தேற்றினார். 10-3 என்று முடிந்த பிறகு டிங்கின் முகத்தைப் பார்த்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள். புரியாத மொழி பேசும் கூட்டத்துக்கு நடுவே, வீட்டை விற்ற அப்பாவின் கணக்கையும் சுமந்து நிற்கும் ஒரு பிள்ளை. ஸ்னூக்கரைப் பற்றி எது யோசித்தாலும் எனக்கு அந்த முகம்தான் முதலில் வருகிறது.

அவர் உடைந்து போகவில்லை. யூகே சாம்பியன்ஷிப்பை மூன்று முறை வென்றார். 2013-14 பருவத்தில் மட்டும் ஐந்து தரவரிசைப் பட்டங்கள். 2014 டிசம்பரில் உலகின் முதலிடம். 2016இல் தகுதிச்சுற்றிலிருந்து போராடி க்ரூசிபிள் இறுதிக்கு வந்த முதல் ஆசியர் ஆனார்; மார்க் செல்பியிடம் 18-14 என்று தோற்றார். உலகப் பட்டம் அவருக்கு வாய்க்கவே இல்லை. ஆனால் டிங்கைப் பார்த்துக் கியூ எடுத்த பையன்கள் வரிசை கட்டினார்கள். 2014இல் பெங்களூரில் நடந்த உலக அமெச்சூர் போட்டியை யான் பிங்தாவ் வென்றபோது வயது 14. அடுத்த ஆண்டு எகிப்தில் அதே போட்டியின் இறுதியில் ஜாவ் ஷின்டோங்கை 8-6 என்று மடக்கியவர் நம் பங்கஜ் அத்வானி. அன்று ஜாவுக்கு 18 வயது.

கருப்பு எட்டு

டிங்கின் கதையை மட்டும் சொன்னால் சீனாவின் மேசைக் கலாசாரம் பாதிதான் புரியும். இன்று எந்தச் சீன நகரத்து பூல் கூடத்துக்குள் நுழைந்தாலும் அதிகம் கண்ணில் படுவது ஸ்னூக்கர் மேசை அல்ல. ‘சீன எட்டுப் பந்து’ மேசை. இப்போது உலக அரங்கில் ‘ஹேபால்’ என்று பெயர். நீளம் 9 அடி. பந்துகள் பூலுடையவை, 57 மில்லிமீட்டர். விதிகளும் எட்டுப் பந்து ஆட்டத்தினுடையவை: முழுநிறம் ஏழு, கோடு போட்டது ஏழு, கடைசியில் கருப்பு எட்டு. ஆனால் பாக்கெட்டின் வாயும் துணியும் ஸ்னூக்கரின் சாயல். அமெரிக்க பூல் மேசையின் பாக்கெட் கோணலாக வெட்டப்பட்டது. சுமாராக அடித்த பந்தையும் அகலமாக வாய் திறந்து வாங்கிக்கொள்ளும். சீன மேசையில் வாய் வளைந்திருக்கும். உதட்டில் பட்ட பந்து இரண்டு பக்கமும் தட்டித் தட்டி வெளியே நின்றுவிடும். ஸ்னூக்கரின் கண்டிப்பு, பூலின் வேகம். பெரிய ஸ்னூக்கர் மேசையை வைக்க இடமும் பணமும் இல்லாத கடைக்காரருக்கு இது கட்டுப்படியாகும். வேலை முடிந்து இரண்டு மணி நேரம் ஆட வருபவருக்கும் இது அலுக்காது.

இந்த மேசையைத் தயாரிக்கும் ஜாய் நிறுவனம் தன் மாஸ்டர்ஸ் போட்டிக்கு 50 லட்சம் யுவான் முதல் பரிசு வைத்தது. நம் கணக்கில் 5 கோடி ரூபாய்க்கு மேல்; ஸ்னூக்கர் உலக சாம்பியன் பெறும் 5 லட்சம் பவுண்டுக்குக் கொஞ்சமும் குறையாத தொகை. அன்று டிங்கிடம் தோற்ற அதே ஹென்ட்ரி பின்னாளில் இந்த ஆட்டத்தின் தூதர் ஆனார். ஜியாங்ஷியில் யூஷான் என்ற ஒரு மாவட்ட ஊர், ஸ்னூக்கர் உலக ஓப்பனையும் சீன எட்டுப் பந்தின் பெரிய போட்டியையும் நடத்திப் பெயர் வாங்கிவிட்டது. பெய்ஜிங்கும் ஷாங்காயும் இதைக் கொண்டாடுவதைவிட, இப்படி ஒரு சிற்றூர் கொண்டாடுவதுதான் ஆட்டம் வேர் பிடித்ததற்கு அடையாளம்.

கூடங்களும் மாறிவிட்டன. பழைய சிகரெட் புகை, சிமெண்டுத் தரை, சண்டை எல்லாம் மெல்ல விலகி, ஏ.சி., நீல விளக்கு, கைப்பேசியில் கியூஆர் குறியைக் காட்டினால் தானே எரியும் மேசை விளக்கு, ஆளே இல்லாமல் 24 மணி நேரமும் திறந்திருக்கும் கடை என்று வந்துவிட்டது. இதோடு ஒட்டிக்கொண்டு வந்த வழக்கம் ஒன்று எனக்கு உறுத்துகிறது. பல கூடங்களில் ‘துணை ஆட்டக்காரர்’ என்று இளம்பெண்களை வைத்திருக்கிறார்கள். மணிக்கு இவ்வளவு என்று கட்டணம். வாடிக்கையாளரோடு ஆடுவார்கள், பந்தை அடுக்கிக் கொடுப்பார்கள். நன்றாக ஆடத் தெரிந்தவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் பல கடைகள் அவர்களின் ஆட்டத்தை விற்கவில்லை, முகத்தை விற்கின்றன.

பெண்கள் ஆட்டத்தில் சீனாவை மிஞ்ச உலகத்தில் ஆள் இல்லை என்பதால்தான் இது கூடுதலாக வலிக்கிறது. ஷாண்டோங்கைச் சேர்ந்த பான் ஷியாவ்டிங் 2007இல் ஒன்பது பந்து உலகப் பட்டத்தை வென்றார். அவருக்கும் தொடக்கத்தில் கற்றுக்கொடுத்தது அப்பாதான். பின்னாலேயே லியூ ஷாஷா மூன்று முறை, ஹான் யூ மூன்று முறை, இடையில் ஃபூ ஷியாவ்ஃபாங், பி ஜூச்சிங், சென் சிமிங். 2007 முதல் 2018 வரை அந்தப் பட்டம் சீனாவை விட்டு வெளியே போனது அரிது. ஸ்னூக்கரில் பை யூலு 2024லும் 2025லும் பெண்கள் உலக சாம்பியன். இரண்டு முறையும் அவர் வென்ற ஊர் எது தெரியுமா? டோங்குவான். டிங்கின் அப்பா மகனைக் கூட்டிக்கொண்டு போன அதே நகரம்.

ஷெஃபீல்டின் குளிர்

தொழில்முறை ஸ்னூக்கர் இன்னும் பிரிட்டனைச் சுற்றியே நடக்கிறது. போட்டிகளில் ஆட வேண்டுமானால் அங்கே போய்க் குடியிருந்தே ஆக வேண்டும். சீனப் பையன்களில் பெரும்பாலோர் ஷெஃபீல்டில் கூடினார்கள். அங்கே சீனர்களுக்கான பயிற்சி மையங்கள் எழுந்தன. டிங்கே ஒன்று தொடங்கினார். பதினாறு, பதினேழு வயதில் வந்து இறங்கும் பிள்ளைக்கு ஆங்கிலம் வராது. காலையில் பயிற்சிக் கூடம், மாலையில் வாடகை அறை, இரண்டுக்கும் நடுவே மழை. ஊரில் அவனுக்காகக் கடன் வாங்கிய குடும்பம். தொழில்முறைச் சுற்றில் நுழையும் அட்டை இரண்டு ஆண்டுக்குத்தான். அதற்குள் தரவரிசையில் ஏறாவிட்டால் வெளியே. அப்போதெல்லாம் ஒரு போட்டியின் முதல் ஆட்டத்தில் தோற்றால் பெரும்பாலும் ஒரு பைசா கிடைக்காது.

2020 வந்தது. கொரோனாவோடு சீனாவில் நடந்த பெரிய போட்டிகள் அத்தனையும் நின்றுபோயின. 2023 செப்டம்பரில் ஷாங்காய் மாஸ்டர்ஸ் திரும்பும்வரை அப்படியே கிடந்தன. ஊருக்குப் போகவும் வழியில்லை, வருமானத்துக்கும் வழியில்லை. அந்தக் காலத்தில்தான் ஷெஃபீல்டின் சீனக் கூட்டத்துக்குள் சூதாட்டம் ஊறியது. 2023 ஜூனில் விசாரணைக் குழு தீர்ப்புச் சொன்னபோது ஆட்ட மோசடிக்காகவும் பந்தயத்துக்காகவும் பத்து சீன ஆட்டக்காரர்கள் தண்டிக்கப்பட்டார்கள். டிங்கோடு சேர்ந்து நாட்டுக்கு உலகக் கோப்பை வென்று தந்த மூத்தவர் லியாங் வென்போவுக்கும், லீ ஹாங்குக்கும் வாழ்நாள் தடை. பெங்களூரில் 14 வயதில் ஜெயித்து, 2021இல் மாஸ்டர்ஸ் பட்டமும் வென்ற யான் பிங்தாவுக்கு ஐந்தாண்டு. தண்டனை பெற்றவர்களில் இருபதை ஒட்டிய வயதுப் பையன்களும் இருந்தார்கள். மூத்தவர் ஒருவரின் மிரட்டலுக்குப் பணிந்தே தோற்றதாக அவர்களில் ஒருவர் வெளிப்படையாகச் சொன்னார்.

தப்பைத் தப்பு என்றே சொல்ல வேண்டும். காசு வாங்கிக்கொண்டு தோற்பது, பணம் கொடுத்து உட்கார்ந்து பார்க்கும் ஒவ்வொருவருக்கும் செய்யும் துரோகம். ஆனாலும் யார் பொறுப்பு என்ற கேள்வி அந்தப் பத்துப் பேரோடு முடிவதாக எனக்குத் தோன்றவில்லை. அயல்நாட்டில் மொழி தெரியாத ஒரு பையனுக்கு அப்பாவின் இடத்தில் இருந்தவர் மூத்த ஆட்டக்காரர். அந்த மூத்தவரே கெட்டுப்போனால் பையன் யாரிடம் போய்ச் சொல்வான்? அங்கே அவனுக்கு வேறு ஆள் இருந்ததா?

ஜாவ் ஷின்டோங்கும் அந்தப் பத்துப் பேரில் ஒருவர். 2021இல் யூகே சாம்பியன்ஷிப்பும், 2022இல் இறுதியில் யான் பிங்தாவை 9-0 என்று வென்று ஜெர்மன் மாஸ்டர்ஸும் எடுத்து, ‘அடுத்த டிங்’ என்று பெயர் வாங்கியிருந்த நேரம் அது. எந்த ஆட்டத்திலும் அவர் வேண்டுமென்றே தோற்கவில்லை. ஆனால் ஸ்னூக்கர் ஆட்டங்கள்மீது பந்தயம் கட்டினார். யான் வேண்டுமென்றே தோற்கவிருந்த ஆட்டங்களில் உடந்தையாக இருந்தார். முன்கூட்டியே ஒப்புக்கொண்டதால் தண்டனை குறைந்து 20 மாதம். 2024 செப்டம்பர் 1 அன்று தடை முடிந்தபோது அவரிடம் தரவரிசையும் இல்லை, தொழில்முறை அட்டையும் இல்லை. அமெச்சூர்களுக்கான கியூ டூர் போட்டிகளிலிருந்து மறுபடி தொடங்கினார்.

அதன்பின் நடந்தது ஸ்னூக்கர் இதுவரை பார்க்காதது. உலகப் போட்டியின் தகுதிச்சுற்றில் நான்கு ஆட்டங்களை வென்று க்ரூசிபிளுக்குள் வந்தார். அந்த ஆண்டு 32 பேரில் 10 பேர் சீனர்கள். அரையிறுதியில் எதிரே ஏழு முறை சாம்பியன் ஓ’சல்லிவன். முதல் அமர்வு 4-4. இரண்டாம் அமர்வின் எட்டு ஃப்ரேம்களையும் ஜாவே எடுத்தார். 17-7, கடைசி அமர்வு தேவைப்படவே இல்லை. அவர் ஆட்டத்தில் தயக்கம் கிடையாது. குனிவார், ஒன்றிரண்டு அசைவு, பந்து உள்ளே. அடுத்த பந்துக்கு நடக்கும்போதே அதற்கடுத்ததைக் கண் பார்த்துவிட்டிருக்கும். இறுதியில் 17-8 என்று ஒரே ஃப்ரேம் தூரத்தில் நின்றபோதுதான் கொஞ்சம் ஆட்டம் கண்டார். வில்லியம்ஸ் தொடர்ந்து நான்கு ஃப்ரேம்களை எடுத்தார். அரங்கத்தில் இருந்த எல்லோருக்கும் 2023 நினைவுக்கு வந்திருக்கும்: அரையிறுதியில் 14-5 என்று முன்னிலையில் இருந்த 20 வயது சி ஜியாஹுய், தொடர்ந்து 11 ஃப்ரேம்களை லூகா ப்ரெசெலிடம் விட்டு 17-15 என்று தோற்ற ஆட்டம். ஜாவ் அந்தப் பள்ளத்தில் விழவில்லை. தொழில்முறை அட்டை இல்லாத ஒருவர் உலக சாம்பியன் ஆனார்.

தண்டனை பெற்றவரை எப்படிக் கொண்டாடலாம் என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும், நியாயமான கேள்விதான். விதித்த தண்டனையை முழுவதும் அனுபவித்து, கடைசிப் படியில் இறங்கி நின்று, ஒவ்வொரு ஆட்டமாக ஜெயித்து வந்தவரை நான் கொண்டாடத்தான் செய்வேன்.

இப்போது தொழில்முறைச் சுற்றில் உள்ளவர்களுக்குப் பருவத்துக்கு 20,000 பவுண்டு உத்தரவாதம் உண்டு. ஊழல் வெடித்த அதே 2022-23 பருவத்தில் வந்த ஏற்பாடு அது. வாடகை, மேசைக் கட்டணம், விமானம், ஓட்டல் என்று கழித்தால் மிஞ்சுவது சொற்பம். ஆனாலும் தோற்றவன் வெறுங்கையோடு போகும் நிலை மாறியிருக்கிறது. 2030 தோகா ஆசிய விளையாட்டில் மேசை ஆட்டங்கள் திரும்பி வருகின்றன. பதக்கம் வந்தால் மாகாண அணிகள் வரும், அணிகளோடு அரசுப் பணமும் வரும். அந்தப் பணத்தைப் புதுப் பளிங்கு மண்டபங்கள் கட்டுவதற்கு முன், ஷெஃபீல்டில் ஓர் அலுவலகத்துக்குச் செலவிட வேண்டும். மாண்டரின் பேசும், ஆட்டக்காரர் அல்லாத, எந்தப் பையனின் பரிசுப் பணத்திலும் பங்கில்லாத ஒருவர் அங்கே சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்க வேண்டும். கதவைத் தட்ட ஓர் இடம் 2021இல் இருந்திருந்தால், அந்தத் தீர்ப்பின் பட்டியலில் சில பெயர்களாவது குறைந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.